போன்சாய் ஏன் ஆறு மாசம் தாண்ட மாட்டேங்குது?

புதுக்கொழுந்து (கேள்வி)

வணக்கம். வாங்கினது 3 போன்சாய் (சின்னச் சட்டியில் குட்டியா வளர்க்கிற மரம்). 2 போயிடுச்சு, மூணாவது போய்க்கிட்டு இருக்கு. விவரம் கீழே.

ஜூனிபர் (பைன் மாதிரி ஒரு குளிர்நாட்டு மரம்): ஹாலில் டீப்பாய் மேல இருந்துச்சு. 2 மாசம் பச்சையாவே நின்னுச்சு. அப்புறம் ஒரே வாரத்தில் வைக்கோல் மாதிரி ஆயிடுச்சு.

முதல் ஃபைகஸ் (ஆல், அரச மர இனம்; அடிவேர் கிழங்கு மாதிரி பருத்து இருக்குமே, அந்த வகை): சட்டி மாத்தினது, கவாத்து பண்ணினது, கம்பி சுத்தினது எல்லாம் ஒரே நாள். 3 வாரத்தில் இலை முழுக்க உதிர்ந்து தண்டும் சுருங்கிடுச்சு.

இரண்டாவது ஃபைகஸ்: உயிரோட இருக்கு. 10 நாளா இலை மஞ்சளாகிக் கொட்டுது. மேல்மண்ணு தெரியாதபடி கூழாங்கல்லை பசை போட்டு ஒட்டியிருக்காங்க. ஹாலில், ஜன்னல்ல இருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கு.

மூணுக்குமே தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணி, ஒருநாள் கூடத் தவறினதில்லை. தண்ணியைக் கூட்டணுமா, குறைக்கணுமா? எங்கே தப்பு பண்றேன்?

---

சல்லடை

கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்தால் விடை கிடைக்காது. ஊற்றிய தண்ணீர் அந்தச் சட்டிக்குள் எங்கே தங்குகிறது என்று பாருங்கள்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கியெடுத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி ஒழுகும். ஸ்பாஞ்சும் அதே, அதிலுள்ள துளைகளும் அதே. உயரம் மட்டும்தான் மாறியது. மண்ணிலும் இதேதான். எந்தத் தொட்டியிலும், வடிய வேண்டியதெல்லாம் வடிந்த பிறகும், அடியில் ஒரு பட்டை அளவுக்கு மண் முழுக்க நனைந்தே நிற்கும். துகள்களின் இடுக்கு தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரப்பட்டை எவ்வளவு உயரம் என்பது துகளின் பருமனைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்தது அல்ல.

இதைப் போன்சாய் சட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். நைசான மண்ணில் ஈரப்பட்டை 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் மேலே 22 செ.மீ. வேர் மூச்சுவிடக் கிடைக்கிறது. உங்கள் சட்டியின் ஆழமே 5 செ.மீ. தான். முழுச் சட்டியும் அந்தப் பட்டைக்குள் மூழ்கிவிடுகிறது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஆக்சிஜனும் வேண்டும். காற்று இல்லாத இடத்தில் நுனிவேர் முதலில் சாகும். பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் அதன் வழியாக நுழையும். வேர் போனபின் இலைக்குத் தண்ணீர் ஏறாது, இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். அத்தோடு கதை முடிந்தது.

அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். 5 செ.மீ. சட்டியில் 1 செ.மீ. ஜல்லி போட்டால் வேருக்கு மிஞ்சுவது 4 செ.மீ. சொதசொதப்பு.

வழி ஒன்றுதான்: துகளைப் பெரிதாக்குவது. நடுத்தரச் சட்டிக்கு 3 முதல் 6 மி.மீ., உள்ளங்கையளவு சட்டிக்கு 2 முதல் 4 மி.மீ. இரண்டு சல்லடை வேண்டும். பெரிய கண் சல்லடையில் நிற்பதைத் தள்ளுங்கள். சின்னக் கண் சல்லடையில் விழுவதையும் தள்ளுங்கள். நடுவில் நிற்பதுதான் நமக்கு. 2 மி.மீ.க்குக் குறைந்த தூள் ஒரு பிடி கலந்தாலும் போதும், மற்ற மணிகளின் இடுக்கை அடைத்து, சலித்த வேலையை வீணாக்கிவிடும்.

பொருள்: அகடாமா எனப்படும் ஜப்பானியக் களிமண் மணி, பியூமிஸ் எனப்படும் நுரைக்கல், எரிமலைக் கல் மூன்றும் சம பங்கு என்பது பல மரங்களுக்கு ஒத்துவரும் கலவை. அகடாமா கிடைக்காவிட்டால் நன்றாக வெந்த செங்கல்லை உடைத்துச் சலித்துக்கொள்ளலாம். உடைத்த மணிகளில் கொஞ்சம் எடுத்து ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். சேறாகக் கரைந்தால் அந்தச் செங்கல் வேண்டாம். அகடாமாவும் நிரந்தரமல்ல. 2, 3 வருடத்தில் உதிர்ந்து தூளாகும், அப்போது பழைய சிக்கல் திரும்பி வரும். சட்டி மாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அந்த ஒரு டம்ளர். அதில் தப்பு இரண்டு. கெட்டித்த மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து அடிக்குப் போய்விடும், வேர்க்கட்டியின் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். ஆக ஒரே சட்டியில் அடிவேர் அழுகும், நடுவேர் காயும். அடுத்தது, தண்ணீர் கீழே வழிந்து வெளியேறாதபோது அதிலுள்ள உப்பு மண்ணிலேயே தேங்கும். சட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுதான்.

ஊற்றும் முறை: பூவாளியால், மேற்பரப்பு முழுக்க, அடித் துளையில் தண்ணீர் ஒழுகும்வரை. 5 நிமிடம் கழித்து இன்னொரு முறை அதேபோல். பிறகு மண் கேட்கும்வரை சும்மா இருங்கள். மண் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு மூங்கில் குச்சி போதும். தண்டுக்கும் சட்டி விளிம்புக்கும் நடுவே 3 செ.மீ. இறக்கி, 10 நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி கருத்து ஈரமாக வந்தால் இன்று வேண்டாம். வெளுத்து, லேசான குளிர்ச்சியோடு வந்தால் ஊற்றுங்கள். எலும்பு போலக் காய்ந்து வந்தால் ஏற்கெனவே தாமதம்.

---

வெயில்பக்கம்

சல்லடை சொன்னதில் எதையும் மறுக்க மாட்டேன். ஆனா ஜூனிபர் செத்தது மண்ணால மட்டும் இல்லை. ஹால்ல வெச்சதுலயே அதோட கணக்கு முடிஞ்சுது.

வேர் செத்த பிறகும் ஜூனிபர் பல வாரம் பச்சையா நிக்கும். வெட்டி வீட்டுக்குள்ள வெச்ச கிறிஸ்துமஸ் மரம் பச்சையா நிக்குதே, அதே மாதிரிதான். நீங்க சொல்ற "2 மாசம் நல்லா இருந்துச்சு" என்பதில் பாதிக்கு மேல மரம் செத்துப்போன நாளா இருக்கலாம். வாங்கும்போதே செத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வாங்கும்போது பாக்க வேண்டியது: கிளை நுனியில் வெளிர்பச்சையா புதுத் தளிர் ஓடுதா? இலையைத் தடவினா மெத்துன்னு வளையுதா, இல்லை சொரசொரன்னு உதிருதா? தண்டைப் பிடிச்சு லேசா ஆட்டினா வேரோட ஆடுதா? ஆடினா புதுசா நட்டு அவசரமா விக்கிறாங்கன்னு அர்த்தம்.

வெளிச்சம். நம்ம கண்ணு பொல்லாதது. வெளியே நேர் வெயில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) பக்கம் வரும். ஜன்னல்ல இருந்து 2 மீட்டர் உள்ளே வந்தா பெரும்பாலும் 1,000 லக்ஸ் கூடத் தேறாது. நூத்துல ஒரு பங்கு. கண்மணி விரிஞ்சு அதைச் சரிகட்டிடுறதால நமக்கு ரெண்டும் "நல்ல வெளிச்சம்". மரத்துக்கு அது பட்டினி. பட்டினி கிடக்கிற மரம் தண்ணி கம்மியாத்தான் குடிக்கும். நீங்க அதே டம்ளரை ஊத்துவீங்க. மண்ணு காயாது. சல்லடை சொன்ன அழுகல் அங்கே இருந்துதான் தொடங்குது.

பைன், ஜூனிபர், மேப்பிள், எல்ம் மாதிரி குளிர்நாட்டு மரங்களுக்கு வெயில் மட்டும் இல்லை, குளிர்கால உறக்கமும் வேணும். சில வாரமாவது 7 டிகிரிக்குக் கீழே போகணும். வருஷம் பூரா 25 டிகிரி இருக்கிற அறைக்குள்ள மேப்பிள் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஓட்டும், அப்புறம் தளர்ந்து போயிடும். வாஷிங்டன்ல தேசிய போன்சாய் அருங்காட்சியகத்துல ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கு. 1625ல இருந்து சட்டியில் வளர்றதா கணக்கு. 1945 ஆகஸ்ட் 6 அன்னிக்கு ஹிரோஷிமாவுல குண்டு விழுந்த இடத்துல இருந்து சுமார் 3 கி.மீ. தூரத்துல, ஒரு மதிலுக்குப் பின்னால இருந்துச்சு. பிழைச்சுடுச்சு. 1976ல அமெரிக்காவுக்கு அன்பளிப்பா வந்துச்சு. அந்த மரத்தைக் கொண்டுவந்து ஹால் டீப்பாய் மேல வெச்சா ஒரு வருஷம் தாங்குமான்னு தெரியாது!

வீட்டுக்குள்ளதான் வெக்க முடியும்னா மரத்தை அதுக்கேத்த மாதிரி எடுங்க. ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா, குட்டி இலை ஜேட் எனப்படும் போர்ச்சுலகேரியா ஆஃப்ரா, கொஞ்சம் அனுபவம் வந்தப்புறம் கார்மோனா. இதுகளும் ஜன்னலை ஒட்டி, கண்ணாடியில் இருந்து 30 செ.மீ.க்குள்ள இருக்கணும். ஜன்னல் சரியில்லைன்னா எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு, மரத்துக்கு மேல 20-30 செ.மீ., நாளைக்கு 12-14 மணி நேரம். ராத்திரி 12 டிகிரிக்கு மேல இருக்கிற காலம் பூரா ஃபைகஸை வெளியே விடுங்க. ஒரு வெயில் காலத்தில் வெளியே வளர்ற அளவு, உள்ளே மூணு வருஷத்துல வளராது. ஆனா உள்ளே இருந்ததை நேரா உச்சி வெயில்ல வெக்காதீங்க, இலை வெந்துடும். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில்.

---

இருவேளை

மண் விஷயத்தில் ஓர் இடைமறிப்பு. சல்லடை சொல்லும் முழுக் கல்மணிக் கலவை, மரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவருக்கானது. வெயில் கடுமையான நாட்களில் அது ஒரு நாளில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். காற்று வறண்டிருந்தால் மூன்று வேளை. காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 7 மணிக்கு வருபவர், புத்தகத்தில் உள்ளபடி கல்மணியில் நட்டுவிட்டு, மதியம் 2 மணிக்கு மரத்தைக் காய வைத்துக் கொல்கிறார். அழுகிச் செத்தாலும் காய்ந்து செத்தாலும் சாவு சாவுதான்.

அப்படிப்பட்டவர்கள் கலவையில் நாலில் ஒரு பங்கு கரிமப் பொருள் சேர்க்கலாம். கோகோபீட்டில் (தேங்காய் நார்க் கழிவு) தூளை விட்டுவிட்டு, சலித்த கரடான தேங்காய் நார்த் துண்டு. அதையும் 3 முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான். கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், நுனிவேரைக் கருக்கிவிடும். இன்னும் எளிய வழி: ஆழம் கூடிய சட்டி. 4 செ.மீ. ஆழமுள்ள தட்டைச் சட்டி முதிர்ந்த மரத்துக்குக் கண்காட்சிக்காக. வளர்கிற மரத்துக்கு 10, 12 செ.மீ. ஆழமுள்ள சாதாரணப் பயிற்சித் தொட்டியே நல்லது. பார்க்க அழகில்லைதான், ஆனால் தவறு செய்தால் மன்னிக்கும்.

இன்னொன்று: இலைமேல் தண்ணீர் தெளிப்பதும், சட்டிக்கு அடியில் ஈரக் கூழாங்கல் தட்டு வைப்பதும் வேருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு மாற்று ஆகாது. தெளித்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும். புதியவர்கள் பலர் தினம் மூன்று முறை தெளித்துவிட்டு, வேர் காய்ந்து கிடப்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

---

சல்லடை

இருவேளை சொல்வது நியாயம். திருத்திக்கொள்கிறேன்: புதியவருக்கு ஆழமான பயிற்சித் தொட்டியும் கல்மணியும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. நார் சேர்ப்பதில் மட்டும் தயக்கம். அது நாளடைவில் மக்கித் தூளாகும். சேர்த்தால் 2 வருடத்துக்கு மேல் மண் மாற்றாமல் விடக்கூடாது.

---

கத்தரிக்கோல்

இரண்டாவது மரத்தை, அதாவது செத்துப்போன முதல் ஃபைகஸைப் பற்றி யாரும் பேசவில்லை. மற்றவை அறியாமையில் போனவை. அது ஆசையில் போனது.

கவாத்து என்பது மரத்தின் உணவுத் தொழிற்சாலையைக் குறைப்பது. வேர் வெட்டுவது தண்ணீர்க் குழாயைக் குறைப்பது. கம்பி சுற்றி வளைப்பது பட்டைக்குள் இருக்கும் நாளங்களைக் காயப்படுத்துவது. ஒவ்வொன்றிலிருந்தும் மீள மரம் தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் செய்தால் மீள்வதற்கு இலையும் இல்லை, வேரும் இல்லை, சேமிப்பும் இல்லை. அனுபவசாலிகள் வலுவான மரத்தில், சரியான வாரத்தில் இரண்டைச் சேர்த்துச் செய்வதுண்டு. கடையிலிருந்து வந்த மரம் வலுவான மரம் அல்ல. ஒரு வளர்ச்சிப் பருவத்துக்கு ஒரு பெரிய வேலை. முதல் பருவத்தில் அதுவும் வேண்டாம்.

சட்டி மாற்றக் காலம் முக்கியம். இலையுதிர்க்கும் மரங்களுக்கு வசந்தத் தொடக்கம், மொட்டு பருத்து இன்னும் விரியாத அந்த இரண்டு வாரம். ஃபைகஸ் போன்ற வெப்பமண்டல மரங்களுக்கு நேர்மாறாக, நல்ல வெப்பத்தில், வேகமாகத் தளிர்விடும் காலம்.

செய்முறை. முந்தின நாள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், மண் சற்றுக் காய்ந்திருந்தால் வேர் அறுபடாமல் பிரியும். துளைகளுக்கு வலைத்துண்டு வைத்து, துளை வழியாக இரண்டு கம்பிகளைக் கோத்துத் தயாராக வையுங்கள். மரத்தை எடுத்து, மூங்கில் குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கி மண்ணைக் கோதிவிடுங்கள். சட்டியைச் சுற்றிச் சுழன்ற நீள வேரை வெட்டுங்கள், மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். பைன், ஜூனிபர் வகைக்கு மண் முழுவதையும் கழுவி வேரை வெறுமையாக்கக் கூடாது. பாதிப் பழைய மண்ணை விட்டுவைத்து, மறுபாதியை அடுத்த முறை மாற்றுங்கள். மரத்தைக் கம்பியால் சட்டியோடு இறுகக் கட்டுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் புதிதாக ஓடும் முடி போன்ற வேர்கள் அறுந்துகொண்டே இருக்கும், மரம் பிடிக்கவே பிடிக்காது. கலவையைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி வேருக்கிடையே இறக்குங்கள். வெற்றிடம் இருந்தால் அங்குள்ள வேர் காயும். பிறகு ஒழுகும் தண்ணீர் கலங்கல் இல்லாமல் தெளிவாக வரும்வரை ஊற்றுங்கள்.

2, 3 வாரம் காற்றும் உச்சி வெயிலும் படாத வெளிச்சமான இடம். 4 வாரத்துக்கு உரம் கூடாது.

அடிவேர் பருத்த ஃபைகஸ் பற்றி ஒரு தகவல். பெரும்பாலும் அதன் மேலுள்ள சிறு இலைக் கிளைகள் ஒட்டுக்கட்டியவை. ஒட்டுக்குக் கீழே, பருத்த பகுதியிலிருந்து பெரிய இலையோடு தளிர் வந்தால் அது அடிமரத்தின் தளிர். விட்டால் அது மேலே ஒட்டியதைப் பட்டினி போடும். வெட்டிவிடுங்கள். ஆனால் மேலே உள்ளதெல்லாம் செத்து, கீழே மட்டும் தளிர்த்தால் அதை வெட்டாதீர்கள். மிச்சமிருக்கும் மரம் அதுதான்.

---

புதுக்கொழுந்து

எல்லாருக்கும் நன்றி. கல்லைப் பேர்த்து எடுத்துட்டேன். அடியில் களிமண் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு இருக்கு. குச்சி விட்டா ஈரமாத்தான் வருது, லேசா சாக்கடை வாடை. சட்டிக்கு அடியில் துளை இருக்கு, ஆனா உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி மூடியிருக்காங்க! கொட்டுற இலை எல்லாம் மெதுவா, மஞ்சளா இருக்கு, மொறுமொறுன்னு இல்லை. இப்ப சட்டி மாத்தலாமா, இல்லை ஒரு பருவம் காத்திருக்கணுமா? உரம் போட்டா தெம்பு வருமா?

---

சல்லடை

உரம் வேண்டாம். வேர் அழுகிய மரத்துக்கு உரம் போடுவது, வயிற்றுப்போக்கில் கிடப்பவருக்கு விருந்து வைப்பது போல. உப்பின் செறிவு கூடி, மிச்சமுள்ள வேரிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

வாடை வந்துவிட்டதால் காத்திருக்க வேண்டாம். கத்தரிக்கோல் சொன்ன பருவக் கணக்கு ஆரோக்கியமான மரத்துக்கு. இது அவசர சிகிச்சை. மரம் ஃபைகஸ் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள். தண்டில் நகத்தால் 2 மி.மீ. அகலத்துக்குப் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை என்றால் உயிர் உண்டு. பழுப்பு என்றால் இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். மேலே செத்து அடியில் பச்சை இருக்கலாம்.

மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, கறுப்பு மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஃபைகஸ் இதைத் தாங்கும், இதையே பைனுக்குச் செய்யாதீர்கள். ஒவ்வொரு வேராக விரலால் உருவுங்கள். மேல்தோல் உறை போலக் கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றால் அந்த வேர் செத்தது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால், கெட்டியான பகுதி வரும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு அழுகல் வேருக்குப் பிறகும் மறுபடி துடைக்க வேண்டும். அழுகல் கிழங்குப் பகுதிக்குள் நுழைந்திருந்தால் கத்தியால் தோண்டி எடுத்து, வெட்டுவாயை ஒரு மணி நேரம் காற்றில் உலர விடுங்கள்.

பிறகு போன்சாய் சட்டிக்குத் திரும்பாதீர்கள். மிஞ்சிய வேருக்குச் சரியாக இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தொட்டி, அடியில் நிறைய துளை, 3-6 மி.மீ. பியூமிஸ் அல்லது பெர்லைட் எனப்படும் எடை குறைந்த வெள்ளை மணி. பெரிய தொட்டி வேண்டாம். குடிக்க வேர் இல்லாத இடத்தில் ஈரம் தேங்கும். மரத்தைக் கட்டி நிறுத்துங்கள். முழு மரத்தின் மேலும் தெளிவான பிளாஸ்டிக் பை ஒன்றை, 4, 5 ஓட்டை போட்டுக் கவிழுங்கள். இலையிலிருந்து ஈரம் போவது குறையும், வேருக்கு அவகாசம் கிடைக்கும். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் மட்டும் கூடாது. பைக்குள் வெப்பம் ஏறி மரம் வெந்துவிடும்.

இலை முழுக்கக் கொட்டினாலும் பதறாதீர்கள். இலையில்லாத மரம் மிகக் குறைவாகத்தான் குடிக்கும். வழக்கமான தண்ணீரை ஊற்றி மிச்ச வேரையும் கொல்வது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. குச்சி வெளுத்து வரும்வரை காத்திருங்கள். வெப்பமான காலமாக இருந்தால் 3 முதல் 6 வாரத்தில் கணுக்களில் மொட்டுப் புள்ளி தெரியும். இரண்டு இலை முழுதாக விரிந்ததும் பையின் ஓட்டைகளைப் பெரிதாக்கி, ஒரு வாரத்தில் எடுத்துவிடுங்கள். உரம், புதுத் தளிர் 5, 6 இலை விட்ட பிறகு, பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மண் ஈரமாக இருக்கும்போது மட்டும்.

---

வெயில்பக்கம்

அந்த டேப் சரக்கு அனுப்பும்போது மண்ணு சிந்தாம இருக்க ஒட்டினதா இருக்கும். எடுக்கச் சொல்லி யாரும் சொல்ல மாட்டாங்க. இனி எந்தச் சட்டி வாங்கினாலும் முதல் வேலை தலைகீழா புடிச்சு அடியைப் பாக்கிறது.

பூச்சியையும் ஒரு பார்வை பாத்துடுங்க. தளர்ந்த மரத்துலதான் அதுங்க குடியேறும். கணு இடுக்குல பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. தண்டுல பழுப்பா மச்சம் மாதிரி ஒட்டி, நகத்தால நெம்பினா பேர்ந்தா செதில் பூச்சி. ரெண்டையும் ஸ்பிரிட்டுல நனைச்ச பஞ்சால துடைச்சு எடுங்க. சிலந்திப்பேன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில புடிச்சுத் தட்டுங்க. விழுந்த புள்ளி நகர்ந்தா, தேய்ச்சா சிவப்பா இழுத்தா, அதேதான். தண்ணியைப் பீய்ச்சி இலையோட அடிப்பக்கத்தைக் கழுவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்துல அடிங்க. 5-7 நாள் இடைவெளியில 3 தடவை, முட்டை பொரிச்சு வர்றதையும் புடிக்கணுமில்ல. வேரை வெட்டின இந்த மரத்துல ஸ்பிரிட் துடைக்கிறது ஓகே, எண்ணெய் புதுத்தளிர் வர்றவரைக்கும் வேண்டாம்.

---

புதுக்கொழுந்து

கழுவிட்டேன். வேரில் பாதிக்கு மேல போயிடுச்சு, ஆனா சுரண்டினா தண்டு பச்சை. பையும் போட்டாச்சு. கடைசியா ரெண்டு. இது பிழைச்சா எப்போ வடிவமைக்க ஆரம்பிக்கலாம்? போன்சாய் விதைன்னு ஒரு பெட்டி விக்குது, அதுல இருந்து தொடங்கினா செலவு கம்மியா?

---

கத்தரிக்கோல்

போன்சாய் விதை என்று ஒன்று கிடையாது. போன்சாய் மரத்தின் இனம் அல்ல, வளர்க்கும் முறை. பெட்டியில் இருப்பது சாதாரணப் பைன், ஜக்கராண்டா விதைகள். முளைத்து, தண்டு பென்சில் பருமன் ஆகவே 2, 3 வருடம். அதை அப்போதே சின்னச் சட்டியில் வைத்தால் அதே பருமனில்தான் நிற்கும். தண்டு பருப்பது தரையிலோ பெரிய தொட்டியிலோ கட்டுப்பாடில்லாமல் வளரும்போதுதான். சின்னச் சட்டி கடைசிக் கட்டம். அதை முதல் கட்டமாக வைத்துக்கொள்வதால்தான் குச்சி குச்சியாக மரங்கள். நாற்றங்காலில் அடித்தண்டு 3 செ.மீ.க்குக் குறையாத, தாழ்வாகக் கிளைத்த செடியைத் தேடி எடுத்துக் குறைத்துக்கொண்டு வருவது விதையை விடப் பல வருடம் முன்னால் நிற்கும். இரண்டு, மூன்று ஒரே இனச் செடிகளாக வாங்குங்கள். ஒன்றை வெட்டுங்கள், ஒன்றைச் சும்மா விடுங்கள். வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

இந்த ஃபைகஸை ஒரு முழு வளர்ச்சிப் பருவம் தொடாதீர்கள். அதன்பின் ஒரு கிளை 6 முதல் 8 இலை விட்டதும் 2 அல்லது 3 இலை வைத்து வெட்டுங்கள். வெட்டுவாயில் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். ஃபைகஸ் வெறுங்கிளையிலும் தளிர்க்கும். பைன், ஜூனிபர் அப்படியல்ல, பச்சையே இல்லாத அளவுக்கு வெட்டிய கிளை செத்த கிளை.

கம்பி: அலுமினியம், கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு, 45 டிகிரி சாய்வில். வேகமாக வளரும் ஃபைகஸில் 4 முதல் 6 வாரத்திலேயே பட்டையைக் கடித்துவிடும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உற்றுப் பாருங்கள். எடுக்கும்போது சுற்றைப் பிரிக்க வேண்டாம், ஒவ்வொரு சுற்றாகக் கத்தரித்து எடுங்கள். கம்பி மலிவு, கிளை மலிவல்ல.

---

புதுக்கொழுந்து

இன்னும் 3 வாரத்தில் 5 நாள் வெளியூர் போகணும். பக்கத்து வீட்ல சொல்லி தினம் தண்ணி ஊத்தச் சொல்லலாமா?

---

இருவேளை

பையும் நிழலும் இருப்பதால் உங்கள் மரத்துக்கு 5 நாள் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டாரிடம் "தினம் ஊற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால்தான் ஆபத்து. நல்ல மனசோடு ஊற்றிக் கொன்றுவிடுவார்கள். சொல்வதென்றால் குச்சியைக் கையில் கொடுத்து, "வெளுத்து வந்தால் மட்டும், 3வது நாள் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

ஆரோக்கியமான மரம் என்றால் வேறு வழி. ஓட்டை உள்ள பெரிய தொட்டியில் ஈர மணலை நிரப்பி, போன்சாய் சட்டியை விளிம்புவரை அதில் புதைத்து நிழலில் வையுங்கள். அடித் துளை ஈர மணலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், வலைக்கும் மணலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஈரம் ஏறாது. எந்த ஏற்பாடானாலும் கிளம்பும் நாளில் முதல்முறையாகச் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே அமைத்து, 3 நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டு, குச்சி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.